தோண்டிய நிலமும் புதர்ச் செடிகளும்

மண் எடுத்த நிலம் மறுபடி எதற்கும் உதவாது என்று எண்ணுவோர் நம் அங்கத்தினர்களில் பலர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் கட்டிடங்களுக்கும் சாலைகளுக்கும் வேண்டிய கிராவலும் சவுடும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலிருந்தும் சென்றுள்ளன. எஞ்சியிருப்பவை பள்ளங்கள். ஒரு காலத்தில் மேய்ச்சல் தரையாக இருந்த இவற்றை மீண்டும் அந்நிலைக்குக் கொணர்வது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

முதற்கண் சட்ட நிலையை அறிதல் அவசியம். சுரங்கக் குத்தகைதாரர் தொழில் முடிந்ததும் அந்நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரங்களும் விலங்குகளும் பெருகுவதற்கு ஏற்ற நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்குமாறு 8-1-2020 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே இது எவரும் இரங்கிச் செய்யும் உபகாரமன்று, கடமை.

இது நடக்கக் கூடியதுதானா எனின், நெய்வேலியைக் காண்க. 1957-இல் அங்கு தோண்டும் வேலை தொடங்கிற்று. பழுப்பு நிலக்கரியை அடைய ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. கரி எடுத்த பகுதிகள் அதே மண்ணால் நிரப்பப்பட்டு, அவற்றின்மேல் இன்று மரக்காடும் பழத்தோட்டமும் நீர்நிலைகளும் உள்ளன. எனினும் அடிமண் மேலே வந்துவிட்டால் அதில் மட்கும் நுண்ணுயிரும் மிகக் குறைவு. எனவே மேல்மண்ணைத் தனியே சேர்த்துவைத்துக் கடைசியில் பரப்புவதே முதற் பாடம்.

மரத்திற்கு முன் புதரை நடுவது ஏன்? வறண்ட மண்ணில் மரக்கன்று எளிதில் பட்டுப்போகும். புதரோ குறைந்த நீரில் வேரூன்றி, நிழல் தந்து, சருகு உதிர்த்து மண்ணைப் பக்குவப்படுத்தும். காரை, களா, சூரை, இலந்தை ஆகியவற்றின் கனிகளை உண்ண வரும் கொண்டைக்குருவி முதலிய பறவைகள் வேறு விதைகளையும் எச்சத்தோடு இட்டுச் செல்லும். கவுதாரிக்கும் முயலுக்கும் கீரிக்கும் அப்புதரே மறைவிடம். வெள்ளாட்டிற்கு இலந்தைத் தழை பசுந்தீவனம்.

நடும் முறை பின்வருமாறு:

1. சரிவைத் தணித்து, குறுக்கே சிறு வரப்புகள் இட்டு, மழைநீரை நிலத்திலேயே நிறுத்துக.

2. ஓரத்தில் ஆவாரையும் விராலியும் நடுக. கால்நடைகள் இவற்றை விரும்பி உண்பதில்லை. ஆதலின் உயிர்வேலியாக நிற்கும்.

3. உட்புறம் இலந்தை, களா முதலியவற்றை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நடுக. இடைவெளியில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைக்கலாம். முயல் மசால் பயறு வகையாதலால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும்.

4. சீமைக் கருவேலை அனுமதியாதீர். அதன் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்தே விதை முளைத்துப் பரவிவிடும்.

நெசவாளர்களும் இதில் பங்கு கொள்ளலாம். நீலம் தரும் அவுரியும், வேர்ப்பட்டையால் சிவப்புச் சாயம் தரும் நுணாவும் இத்தகைய செம்மண்ணில் வளரக் கூடியவை. இயற்கைச் சாயத் துணியைக் கேட்டு வாங்குவோர் இன்றும் உளர்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. செடி வேர்பிடிக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடுகளை உள்ளே விடலாகாது. நாலைந்து ஆடுகளே சொத்தாக உள்ள குடும்பம் அதுவரை எங்கே மேய்க்கும்? நிலம் முழுவதையும் ஒரே சமயத்தில் அடைத்துவிட்டால், இரவோடிரவாக வேலி பிரிக்கப்படும், குற்றம் அவர்களுடையதன்று. நிலத்தை மூன்று கூறாக்கி, ஒரு கூறை மட்டும் முதலில் அடைத்து நடுக. அது தேறிய பின் திறந்துவிட்டு, அடுத்ததை அடைக்கலாம். அடைத்த கூறிலும் முற்றிய புல்லை அறுத்துச் செல்லும் உரிமை ஆடு வளர்ப்போருக்கே முதலில் உரியது எனத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்தல் நலம்.

இம்முறை வகுத்தலும் பங்கீடும் தனி மனிதரால் ஆவதல்ல, கூட்டுறவால் ஆவது. தத்தம் ஊரிலுள்ள குவாரியின் அனுமதிக் கடிதத்தில் என்னென்ன நிபந்தனைகள் உள்ளன என்பதைச் சங்கங்கள் எழுதிக் கேட்டறிந்து, அடுத்த பொதுக்குழுவில் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.