பென்சிற் கரியும் ஓம் அளவையும்

பள்ளி மாணவர் எழுதும் பென்சிலின் உள்ளே இருப்பது ஈயமன்று. களிமண்ணுடன் கலந்த கிராபைட் என்னும் கரியே ஆகும். கிராபைட் ஏடு ஏடாக அடுக்கப்பெற்ற பொருள். ஓர் ஏட்டினுள் கரி அணுக்கள் தேன்கூட்டின் கண்களைப்போல அறுகோணங்களாக உறுதியுடன் பிணைந்துள்ளன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையிலுள்ள பிணைப்போ மிகத் தளர்ந்தது. எனவேதான் பென்சில் தாளில் உராயும்பொழுது ஏடுகள் கழன்று கோடாகப் படிகின்றன. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் ஏடுகள் அடங்கும்.

2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் ஆகியோர் ஒட்டுநாடாவினால் கிராபைட்டை மீண்டும் மீண்டும் உரித்து, ஓரணுக் கனமே உள்ள ஏட்டைத் தனியே பெற்றனர். கிராபீன் எனப்படும் இப்பொருளைப் பற்றிய ஆய்வுக்காக 2010-இல் அவ்விருவருக்கும் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது.

இத்துணை மெல்லிய ஏட்டினால் விளையும் பயன் யாது? மின்தடையின் அலகாகிய ஓம் எங்கும் எப்பொழுதும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். முன்னாளில் கம்பிச்சுருள்களே இதற்குத் தரமாக விளங்கின. அவை காலத்தாலும் வெப்பத்தாலும் சிறிது சிறிதாக மாறும் இயல்பின. எடைக்கல்லே தேயுமாயின் துலாக்கோல் செம்மையாயிருந்தும் பயனென்ன?

இக்குறையை நீக்கும் வழியை 1980-இல் ஜெர்மானிய விஞ்ஞானி கிளவுஸ் பான் கிளிட்சிங் கண்டார். மெல்லிய படலத்தினுள் அடைபட்ட எலெக்ட்ரான்கள் பக்கவாட்டில் மட்டுமே இயங்க வல்லன. அப்படலத்தை மிகக் குளிரச்செய்து வலிய காந்தப்புலத்தில் வைத்தால், மின்னோட்டத்திற்குக் குறுக்கே அளக்கப்படும் ஹால் தடை சீராக உயராமல் படிக்கட்டுப்போல உயர்கின்றது. ஒவ்வொரு படியின் மதிப்பும் 25,812.807 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த ஈவாகும். பிளாங்க் மாறிலியையும் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தையுமே அம்மதிப்பு சார்ந்துள்ளது. கருவியின் அளவையோ அதனைச் செய்தவரையோ சார்ந்ததன்று. 2019 மே 20 முதல் அவ்விரு மாறிலிகளுக்கும் மாறாத எண்மதிப்புகள் வரையறுக்கப்பட்டுள்ளன.

முதலில் காலியம் ஆர்சனைடு முதலிய பொருள்களில் இவ்வளவையைச் செய்ய ஏறக்குறைய 1 கெல்வின் குளிரும் 10 டெஸ்லா அளவான காந்தப்புலமும் தேவைப்பட்டன. கிராபீனில் எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நிற்பதால், ஏறக்குறைய 5 கெல்வின், 5 டெஸ்லா ஆகியவற்றிலேயே அது கைகூடுகின்றது. எளிய குளிர்விப்புச் சாதனமும் சிறிய காந்தமும் போதுமாதலால், செலவு குறைந்து, நுட்பமான தரம் பல ஆய்வுக்கூடங்களுக்கும் எட்டுவதாகின்றது.

இந்தியாவின் அளவைத் தரங்களைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடமாகும். களப்பணியாளர் கையிலுள்ள மின்தடைமானி, இத்தகைய மூலத்தரத்தோடு படிப்படியாக ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டாலன்றி, அது காட்டும் எண்ணை நம்பவியலாது.

ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டலாம். மென்மையான பென்சிலால் தாளில் அகன்ற கரிப்பட்டை ஒன்றை அழுத்தித் தீட்டி, மின்கலத்தில் இயங்கும் மின்தடைமானியால் அளக்கவும். நீளம் இரட்டித்தால் தடையும் ஏறக்குறைய இரட்டிக்கும். வீட்டு மின்னிணைப்பை இதற்குப் பயன்படுத்தலாகாது. இப்பட்டையில் எண்ணற்ற ஏடுகள் ஒழுங்கின்றிக் கிடப்பதால் குவாண்டம் படிகள் இதில் தோன்றா என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.