போடி மலைச் சரிவுகளில் ஒற்றையடிப் பாதைப் பராமரிப்பு

போடிநாயக்கனூருக்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளில், சாலை எட்டாத குடியிருப்புகளை அடிவாரத்துடன் இணைப்பவை ஒற்றையடிப் பாதைகள். குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை இவற்றுள் பெயர் பெற்றது. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, மலை இரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடியை அடைந்தது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

தென்மேற்குப் பருவமழையை மலைமுகடு பெருமளவு தடுத்துவிடுவதால், இச்சரிவுகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை முக்கியமானது. பாதை சேறாவதும் அப்போதுதான். பல ஆண்டுகள் மிதிபட்ட பாதை நடுவில் குழிந்து வாய்க்கால் போலாகிறது. மழைநீர் அதிலேயே ஓடி மண்ணை அரிக்கிறது. நடப்பவர்கள் சேற்றை ஒதுக்கி ஓரமாகச் செல்ல, பாதை அகன்று இளங்கன்றுகள் மிதிபடுகின்றன. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நோயாளியை டோலியில் சுமப்பவர்கள் காலூன்ற இடம் தேடத்தான் செய்வார்கள்.

எனவே பராமரிப்பின் முதல் வேலை சேற்றை மூடுவதன்று, நீரை வெளியேற்றுவது. பாதையைப் பள்ளத்துப் பக்கம் சற்றே சாய்த்து வெட்ட வேண்டும். செங்குத்தான இடங்களில் கற்களையோ மரத்துண்டுகளையோ குறுக்கே சாய்வாகப் பதித்தால் நீர் திரும்பி வெளியே விழும். நேர்குறுக்காகப் பதித்தால் வண்டல் விரைவில் மூடிவிடும். நீர் விழும் வாயில் சேரும் சருகை அடிக்கடி அள்ள வேண்டும். சேற்றின்மேல் சருகு பரப்புவது பயன் தராது. அது மட்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் போதும். தூறல் நாளில் ஒருமுறை நடந்து பார்த்தால் நீர் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஊர் கூடி உழைப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. ஏரி, வாய்க்கால்களைக் காத்த குடிமராமத்தைச் சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. காட்டுப் பாதையின் நிலை வேறு. நிலம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால், வெளியூர்த் தன்னார்வலர்கள் அனுமதியின்றி மண்வெட்டியுடன் இறங்கக் கூடாது. சாலை கேட்கும் குடியிருப்புகளுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு ஒரு வழி தருகிறது: கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, சாலைக்கு ஒதுக்கலாம்.

மழைக்காலத்தில் தழைத்த புல் மாசி, பங்குனியில் காய்ந்து எரிபொருளாகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்திற்கு வந்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு வழித்தடம் இடம்பெற்றுள்ளது. உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகள். இருபுறமும் புல் அறுத்த, மண் சரியாத பாதை, தீ பரவும்போது இறங்கி ஓடவும் வேண்டியிருக்கும்.