உங்கள் தெரு வேண்டாமென்றால் எந்தத் தெரு?

ஜூலை 1, 2026 என்ற தேதியைக் கேட்டுக் கலங்கி எழுதியவர்களில் பெரும்பாலோர், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் பிள்ளைகள் வீடு வாங்கியிருக்கும் பெற்றோர். பக்கத்து மனையில் ஒன்பது மாடி எழும்பிவிடுமா என்பதே அவர்கள் கேள்வி. செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்து, 2025 அக்டோபரில் கவர்னர் நியூசம் கையெழுத்திட்ட எஸ்பி 79 சட்டம் அன்று நடைமுறைக்கு வருகிறது. முக்கிய ரயில் நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள், நகரத்தின் விதி தனி வீட்டுக்கு மட்டும் இடம் தந்திருந்தாலும், அடுக்குமாடி கட்ட அது அனுமதிக்கிறது. பார்ட் மெட்ரோ போன்ற பெரிய ரயில் சேவையின் நிலையத்தை ஒட்டிய மனையில் ஒன்பது மாடி, தள்ளிப்போகப்போக ஏழு, ஆறு. யாரும் கட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. மனைக்காரர் விற்க முன்வர வேண்டும், பில்டருக்கு வட்டியும் கூலியும் கட்டுப்படியாக வேண்டும். ஆதரவாளர்கள் அடுக்கும் லட்சக்கணக்கான ‘வீடு’களைக் காகிதத்தில் உள்ள அனுமதியாகவே வாசிக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் 8-க்கு 5 என்று இதை எதிர்த்து வாக்களித்தது. சண்டையெல்லாம் மாடிகளைப் பற்றித்தான். ஆனால் சட்டத்தின் சூட்சுமம் ‘மாற்றுத் திட்டம்’ என்ற பிரிவில் இருக்கிறது. ஒரு தெருவில் அடர்த்தி வேண்டாம் என்று நகரம் நினைத்தால் குறைத்துக்கொள்ளலாம், பொதுவாகப் பாதி வரை. குறைத்ததை நிலையப் பகுதிகளுக்குள்ளேயே வேறு இடத்தில் ஏற்றிவிட வேண்டும். நிலையப் பகுதிகளின் மொத்தக் கொள்ளளவு குறையக் கூடாது. இந்த நிபந்தனை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸே சாட்சி. 1960-ல் அந்நகர விதிகள் சுமார் 1 கோடி பேர் வாழ இடம் தந்தன. 1990-க்குள் அது சுமார் 40 லட்சமாகச் சுருங்கியது. 1986-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘யு’ முன்மொழிவு மட்டுமே பெரும்பாலான வணிக மனைகளின் கட்டட அளவைப் பாதியாக்கியது. நகரத்தின் கதவைச் சாத்துவோம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. நெரிசல், பார்க்கிங், வெயில் மறைப்பு என்று ஒவ்வொரு பேட்டையும் சொன்ன காரணம் அதனளவில் நியாயமானது. கூட்டித்தான் யாரும் பார்க்கவில்லை. மறுப்பவருக்கு மறுப்பு இதுவரை இலவசமாக இருந்தது, வாடகையில் அதைக் கட்டியவர் வேறொருவர். இனி வேண்டாம் என்பவர், அப்படியானால் எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஊரில் இருப்பவர்தானே ஊரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்ற ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. குழாயும் பள்ளியும் போதுமா என்பது மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் இருப்பவரைவிட அந்தத் தெருக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாடகை தாங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியேறியவருக்கு அந்த ஊரில் ஓட்டே இல்லை. அவருக்கும் சேர்த்து யோசிக்க மாநிலத்தை விட்டால் யார்? எனக்கு உறுத்துவது வேறு. நகர மன்றக் கூட்டத்துக்கு வந்து மைக் பிடிப்பவர்களில் சொந்த வீட்டுக்காரர்களே அதிகம். ஷிப்ட் வேலைக்குப் போகும் வாடகைக்காரர் வருவதில்லை. அவர் தெருவுக்குச் சுமையைத் தள்ளிவிடுவது எளிது. இதற்கு வேலி இல்லாமல் இல்லை: மாற்றுத் திட்டக் கணக்கில் ஒரு மனையை இரு மடங்குக்கு மேல் காட்ட முடியாது, வாடகைக் கட்டுப்பாட்டில், இரண்டுக்கு மேற்பட்ட வீடுகளோடு ஆள் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கவும் முடியாது. இந்த வரம்புகளுக்குள்ளேயே செல்வாக்குள்ள தெரு தப்பித்துக்கொள்ளத் தாராளமாக வழி இருக்கிறது. ஆனாலும் பழைய முறையைவிட இது மேல் என்பேன்: யார் தலையில் எவ்வளவு ஏற்றப்பட்டது என்ற கணக்கை நகரம் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

மற்ற கேள்விகள். வீட்டைக் கட்டாயமாக எடுத்துக்கொள்வார்களா? மாட்டார்கள்.

மாநிலம் முழுவதும் பொருந்துமா? ரயில் நிலையங்கள் மிகுந்த சில மாவட்டங்களுக்கு மட்டும்.

வீட்டருகே பஸ் நிறுத்தம் இருக்கிறது, கவலைப்பட வேண்டுமா? சாதாரண நிறுத்தம் கணக்கில் வராது, தனித் தடத்தில் ஓடும் விரைவு பஸ் என்றால் வரும்.

ஏழைகளுக்கு இடம் உண்டா? பத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டினால் சிறு பங்கு ஒதுக்க வேண்டும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மகன் வீட்டின் விலை விழுமா? கூடுதலாகக் கட்ட அனுமதி கிடைத்த மனையின் விலை பெரும்பாலும் ஏறவே செய்யும்.