கடலும் காடும் ஒரே டிரிப்பில்: குமரிக்குக் குறைந்த செலவில் போய்வர ஃபோனிலேயே திட்டமிடுங்க!

"பீச்சும் வேணும், காடும் வேணும், ஆனா பட்ஜெட் இடிக்குதே!" லீவு வந்தாலே பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. இதற்காக வெளிநாட்டுத் தீவு எதற்கும் பறக்க வேண்டாம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இரண்டும் இருக்கு. நாகர்கோவிலில் தங்கினால் ஒரு பக்கம் சுமார் 16 கிலோமீட்டரில் முட்டம் கடற்கரை. இன்னொரு பக்கம் கீரிப்பாறை, காளிகேசம் வழியாக ஏறும் மேற்குத்தொடர்ச்சி மலைக்காடு.

ஆனால் ஒன்று. நம்மில் பலர் முதலில் ரூம் போடுவோம், அப்புறம் டிக்கெட், கடைசியாகத்தான் அங்கே என்ன பார்க்கலாம் என்று தேடுவோம். குமரிக்கு இந்த வரிசை சரிப்படாது. காட்டுக்குள் போக அனுமதி வேண்டும், கடலில் இறங்க வானிலை ஒத்துழைக்க வேண்டும். இந்த இரண்டையும் முதலில் பார்த்துவிட்டால் பணமும் வீணாகாது, உயிருக்கும் ஆபத்து வராது.

1. முதலில் தேதி

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் குமரிக்கு உண்டு. ஜூன் மாதம் தொடங்கி கடல் கொந்தளிப்பாக இருக்கும். நவம்பர் நடுவில் இருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், ரூம் வாடகையும் ஏறும். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீ அபாயத்தால் மலையேற்றத்துக்குத் தடை இருக்கும். அப்படியானால் நல்ல நேரம் எது? பொங்கல் முடிந்ததில் இருந்து பிப்ரவரி 14 வரை. ஓடையில் தண்ணீர் இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

2. அடுத்து காட்டு அனுமதி

வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்துக்குப் போங்க. மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளுடன் தொடங்கிய திட்டம் இது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். குமரி மாவட்டத்துக்கு காளிகேசம் - பாலமோர் பாதை இருக்கு. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. நீங்க நினைத்த நாளில் இடம் இருக்கா என்று பார்த்து, பதிவு உறுதியான பிறகுதான் மற்றச் செலவு.

"யாருக்குத் தெரியப்போகுது" என்று அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் இந்த மலைகளில்தான் இருக்கு. யானையும் புலியும் நடமாடுகிற இடம், கவனம்.

3. ரயில், பஸ்

ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுக்கலாம். சென்னையில் இருந்து இரவு ரயிலில் கிளம்பினால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம். ரயில் கிடைக்கவில்லையா? அரசு விரைவு பஸ்ஸில் சீட்டை போக்குவரத்துக் கழக இணையதளத்தில் பதிவு செய்யலாம். சென்னையில் ஏற வேண்டிய இடம் கிளாம்பாக்கம்.

உள்ளூரில் டவுன் பஸ்ஸே போதும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு விடியல் பயணத் திட்டத்தில் டிக்கெட் இல்லை. நாலு பேர் குடும்பத்துக்கு இதுவே நல்ல மிச்சம்.

4. தங்க

கன்னியாகுமரியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' இருக்கு. கழகத்தின் இணையதளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்யலாம். கடலைப் பார்த்த ரூம்தான் வேணும் என்றில்லையா? சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் வாடகையை ஒப்பிட்டுப் பாருங்க. காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதால் பஸ் செலவும் குறையும்.

5. மூன்று நாள் திட்டம்

முதல் நாள்: காலையிலேயே படகுத்துறைக்குப் போய்விடுங்க. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் விவேகானந்தர் பாறை. அங்கிருந்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே 133 அடி திருவள்ளுவர் சிலைக்குப் போகலாம். மாலையில் சொத்தவிளை கடற்கரை.

இரண்டாம் நாள்: மலையேற்றம். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் இருந்து கீரிப்பாறைப் பக்கம் பஸ் உண்டு. பதிவில் சொன்ன நேரத்துக்கு பஸ் ஒத்துவருமா என்று முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்க.

மூன்றாம் நாள்: திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், திரும்பும் வழியில் முட்டத்தில் சூரிய அஸ்தமனம். அருவியில் வெள்ளம் என்றால் குளிக்கத் தடை இருக்கும்.

6. கடலில் கால் வைக்கும் முன்

2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருந்தது. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்காற்று கிளப்பிய அலை, பல நாள் பயணித்து இங்கே வந்து திடீரென எழும். அதுதான் கள்ளக்கடல். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கோடை விடுமுறையில் போகிறவர்கள் இதை முக்கியமாக நினைவில் வையுங்க.

அதனால் கிளம்பும் முன் 'டிஎன் அலர்ட்' செயலியை இறக்கி வையுங்க. கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்க. உள்ளூர் மீனவர் "இறங்காதீங்க" என்றால் அதுதான் கடைசி வார்த்தை. அவசரத்துக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

பையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை, மலையேற்றப் பதிவின் பிரதி (காட்டில் சிக்னல் கிடைக்காது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க), பிடிமானமான ஷூ, மழைக்கோட்டு, எவர்சில்வர் தண்ணி பாட்டில், ஒரு மஞ்சப்பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

தேதி, அனுமதி, டிக்கெட், ரூம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீங்க. இன்றைக்கே ஃபோனில் முதல் இரண்டையும் பார்த்துடுங்க!