சடங்கற்ற இழப்பும் சமூக ஆதரவும்: வன்னிக் கிராமங்களில் மனச்சோர்வு

சமூக ஆதரவு மனச்சோர்வைத் தணிக்கும் என்பது உளவியலில் நன்கு நிலைபெற்ற கருத்தாகும். அவ்வாதரவு செயற்படும் இரு வழிகளை 1985இல் ஷெல்டன் கோகன், தாமஸ் வில்ஸ் ஆகியோர் பிரித்துக் காட்டினர். உறவுகள் சூழ வாழ்தல் எக்காலத்தும் மனநலத்துக்குத் துணையாவது ஒன்று. துன்பம் நேருங்கால் அதன் தாக்கத்தை ஆதரவு இடைநின்று தாங்குவது மற்றொன்று. இரண்டாவது வழி செயற்பட, இன்னார்க்கு இன்ன இழப்பு நேர்ந்தது என்பதைச் சுற்றியுள்ளோர் அறிந்து ஏற்றிருத்தல் வேண்டும். இலங்கையின் வன்னிப் பகுதியில் போருக்குப் பின் இந்நிபந்தனையே பல குடும்பங்களுக்குக் கைகூடாது போயிற்று.

வன்னிக் கிராமத்தில் சாவு ஒரு குடும்பத்தின் தனித் துயரன்று. செத்த வீட்டில் அடுப்பு மூட்டப்படுவதில்லை. அயலார் சமைத்துக் கொண்டுவருவர். இளைஞர் பந்தலிடுவர், பெண்கள் கட்டியழுது ஒப்பாரி சொல்வர். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் திவசம் என உறவினர் மீண்டும் மீண்டும் அம்முற்றத்தில் வந்து கூடுவர். உணர்வுசார் ஆதரவு, பொருள்சார் ஆதரவு என ஆய்வாளர் வகுப்பன யாவும் இங்குச் சடங்கின் நாள்முறையிலேயே வந்து சேர்கின்றன. உதவி கேட்கும் கூச்சம் எவர்க்கும் நேர்வதில்லை. வராதவரே வெட்கப்படல் வேண்டும்.

2009இல் போர் முடிவுற்றபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்டனர். பெரும்பாலோர் செட்டிக்குளத்தை அண்டிய மெனிக் பாம் முகாமில் இருந்தனர். இறந்தோர் பலர் சடங்கின்றி விடப்பட்டனர். அவ்வாண்டு அண்டையிலுள்ள யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், பங்குபற்றியோருள் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தோரிடையே இது 41.8 வீதமாக இருந்தது. இவ்வேறுபாட்டுக்கு அயல் சிதைந்தமை மட்டுமே காரணம் எனல் மிகையாகும்; இடம்பெயர்ந்தோர் கண்ட கொடுமைகளும் கூடுதலானவை. எனினும், பாதிப்பைத் தனியாளின் மனத்தில் மட்டும் தேடாது குடும்பம், அயல், ஊர் என்னும் பிணைப்புகளின் சிதைவிலும் காணல் வேண்டும் என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ‘கூட்டு மனவடு’ என்னும் கருத்தின்வழி வலியுறுத்தியுள்ளார்.

காணாமலாக்கப்பட்டோர் குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. உயிருடன் உள்ளாரா, இறந்தாரா என்று தெளியாத இழப்பை அமெரிக்க அறிஞர் பவுலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்றழைத்தார். அது தமிழ் வழக்கில் கொள்ளும் வடிவம் தனித்துவமானது. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் விரதமிருப்பர். தந்தை காணாமற்போன மகன் விரதமிருப்பதா, இல்லையா? மனைவி பொட்டிடுவதா, விடுவதா? எதைச் செய்யினும் அது கணவனைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். அந்தியேட்டி செய்தல் தானே அவரைக் கொன்றதற்கு ஒப்பாகுமென அஞ்சுவோர் உளர். சடங்கு இல்லையாகவே, உறவினர்க்கு வருவதற்கான நாளும் இல்லை. என்ன சொல்வதெனத் தெரியாது அவர்கள் விலகுகின்றனர். உறவினர் எண்ணிக்கையில் குறையில்லை; அவர்களை அழைக்கும் தருணமே இல்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் இக்குடும்பங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கின. அது பின்னர் வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களுக்கும் பரவியது. அவர்கள் கேட்டது நீதியேயன்றி உளச்சிகிச்சையன்று. அதனை ஆற்றுப்படுத்தலாகக் குறுக்குவது அவர்கட்கு இழைக்கும் அநீதி. ஆயினும், ஒரே கொட்டகையில் நாள்தோறும் அமர்ந்த தாய்மார்க்கு, விளக்கம் கேளாத அயல் ஒன்று அங்கே வாய்த்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழை ஏற்க விரும்பாதோர்க்குக் காணாமற்போனமையை உறுதிசெய்யும் சான்றிதழைப் பெற வழிசெய்தது. சொத்து, கொடுப்பனவு முதலியவற்றுக்கு அது பயன்படும். முற்றத்துக்கு எவரையும் அழைத்துவராது.

கிராமங்களில் மனச்சோர்வை அளக்க முற்படுவோர், உதவக்கூடியவர் எத்தனை பேர் என்று வினவுவதோடு நில்லாமல், கடைசியாக வீட்டுக்கு வந்தவர் யார், எதன்பொருட்டு வந்தார் என்றும் வினவுதல் வேண்டும்.