துறைமுக நகரில் குழந்தைகளோடு மூன்று நாட்கள்

கோடை விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு எங்கே செல்லலாம் என்ற கேள்வி வீடுதோறும் எழுகிறது. உதகை, கொடைக்கானல், குற்றாலம் என்று பட்டியல் நீள்கிறது. தூத்துக்குடி என்று சொன்னால், “அங்கே குழந்தைகள் பார்க்க என்ன இருக்கிறது? உப்பும் கப்பலும்தானே!” என்று சிரிப்பவர் உண்டு. அந்த உப்பும் கப்பலுமே குழந்தைகளுக்குப் போதும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தம்பி தங்கையரை அழைத்துச் செல்லும் மாணவர்க்கும், பிள்ளைகளோடு செல்லும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பெரியவர்கள் காட்சிகளைத் தேடுகிறார்கள். குழந்தைகளோ செயல்களைத் தேடுகிறார்கள். பழம்பெரும் சிற்பத்தின் முன் அரை நிமிடம் நில்லாத சிறுவன், தெருவில் பள்ளம் தோண்டும் இயந்திரத்தின் முன் அரை மணி நேரம் நிற்பான். துறைமுக நகரமோ நாள் முழுவதும் உழைக்கும் நகரம். எனவே, ‘எந்தெந்த இடங்களைப் பார்ப்பது?’ என்று தொடங்காமல், ‘எந்த வேலை எப்போது நடக்கிறது?’ என்று கேட்டுத் திட்டமிடுவதே முறை.

காலம் அறிதல்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பு உற்பத்தி முடங்கிவிடும், கோடையில் பெருகும். பள்ளி விடுமுறையும் உப்புக் காலமும் ஒன்றுசேர்வது நமக்கு வாய்ப்பே. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்வளம் பெருகும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. இதை அறியாமல் ‘படகு படகாக மீன் வரும்’ என்று சொல்லி அழைத்துச் சென்றால் குழந்தை ஏமாந்து போகும். அறிந்து சென்றால், படகுகளைப் பழுது பார்த்து வண்ணம் பூசுவதையும் வலைகளைச் சீர் செய்வதையும் காட்டலாம். நாட்டுப்படகுகள் கரை திரும்புவதையும் காணலாம். பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடைபெறும். அந்நாட்களில் செல்வோர் தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதல் நாள்: கடலும் கப்பலும்

சென்னையில் இரவு முத்துநகர் விரைவு வண்டி ஏறினால் காலையில் தூத்துக்குடி சேரலாம். இறங்கியவுடன் ஊர் சுற்றப் புறப்படுதல் கூடாது. குளித்து, உண்டு, உறங்கி, வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக்குச் செல்லலாம்.

அங்கே துறைமுகத்தின் கதையைச் சொல்ல வேண்டும். இப்பகுதிக் கடல் ஆழம் குறைந்தது. ஆகவே முற்காலத்தில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நின்றன. தோணிகளே சரக்கைக் கொண்டு சேர்த்தன. இக்குறை நீங்க, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கல் அணைகளைக் கடலுக்குள் எழுப்பி, ஆழப்படுத்திச் செயற்கைத் துறைமுகம் அமைத்தனர். அது 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஈர மணலில் இரு வரப்புகள் கட்டி, அலை வெளியே மோதி உடைய உள்ளே நீர் அமைதியாக இருப்பதைக் காட்டினால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்.

துறைமுகத்தின் உட்பகுதிக்கு அனுமதியின்றிச் செல்ல இயலாது. இதைப் புறப்படும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டுகளை எடுக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் மன்னார் வளைகுடாவில் தீவுகள் அரிக்கப்பட்டுக் கடலுள் மூழ்கியதுண்டு.

இரண்டாம் நாள்: உப்பளம்

உப்பள வேலை விடியற்காலையில் தொடங்கிவிடும்; நாமும் விடியலில் செல்ல வேண்டும். உரிமையாளரிடமோ மேற்பார்வையாளரிடமோ கேட்டுக்கொண்டே உள்ளே செல்வது பண்பாகும்.

கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு உப்பு இருக்கிறது. தூத்துக்குடியில் நிலத்தடி உவர்நீரையும் இறைத்துப் பயன்படுத்துகிறார்கள். நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். அடர்த்தி போதிய அளவு கூடியபின் கடைசிப் பாத்தியில் உப்பு படிகிறது. அதனைப் பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். வானமும் வெயிலும் காற்றும் மனிதக் கைகளும் சேர்ந்தாலன்றி ஒரு பிடி உப்பு இல்லை.

தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூச வைப்பதையும், உவர்நீரில் நின்று உழைப்போரின் கால்கள் புண்படுவதையும் மறைக்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவல் இம்மக்களின் வாழ்வைச் சொல்வது. பெரியவர்கள் படித்துவிட்டுச் சென்றால் குழந்தையின் கேள்விகளுக்கு விடை கூற எளிதாகும். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுதல் நலம்.

மாலையில் ஊர்க் கடையொன்றில் மக்ரூன் வாங்கலாம். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே அதன் மூலப்பொருள்கள். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்கள் போர்ச்சுக்கீசியரோடு கப்பலேறி வந்தவை என்று சொல்லிவிட்டால், அறைக்குள்ளேயே ஒரு விளையாட்டுக் கிடைத்துவிடும்.

மூன்றாம் நாள்: ஒட்டப்பிடாரம்

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் 1872-இல் பிறந்த ஊர் இது. அவர் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். அவர் பெயரையே 2011 முதல் துறைமுகம் தாங்கி நிற்கிறது. கடலைப் பார்த்தபின் இவ்வூருக்கு வந்தால்தான், அந்நியக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டது எத்தனை பெரிய துணிவு என்பது பிள்ளைகளுக்குப் புரியும். ஆகவேதான் இதை மூன்றாம் நாளில் வைத்தோம். அருகிலேயே பாஞ்சாலங்குறிச்சியும் உள்ளது.

நினைவில் கொள்ள வேண்டியவை

ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். பதினொரு மணி முதல் நான்கு மணி வரை நிழலில் இருத்தல் நலம். தொப்பியும் குடிநீரும் மறவாமல் கொள்க. தண்ணீர்ப் பையைச் சுமப்பது, செலவுக் கணக்கு எழுதுவது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்தால் அலைக்கழிப்பு குறையும். கடற்கரைக்கும் அலைக்கும் கட்டணம் இல்லை. போக்குவரத்தும் தங்குமிடமும் உணவுமே பெருஞ்செலவு. ஆதலால் நடுத்தரக் குடும்பத்திற்கும் இப்பயணம் எட்டக்கூடியதே.

உணவு மேசையில் இருக்கும் உப்பு எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்று அறிந்து வீடு திரும்பும் குழந்தை, பாடநூல் தராத ஒரு பாடத்தைக் கற்றுத் திரும்புகிறது. அத்தகைய விடுமுறையை நம் வீட்டுச் சிறுவர்க்கு அளிப்போமாக!