பயன்படுத்தப்பட்ட சொகுசு மகிழுந்துகளின் நம்பகத்தன்மை

பயன்படுத்தப்பட்ட சொகுசு மகிழுந்துகளின் நம்பகத்தன்மை என்பது, பிறர் ஏற்கெனவே ஓட்டிய உயர்விலை மகிழுந்து ஒன்று எவ்வளவு காலம் பழுதின்றி ஓடும் என்பதையும், பழுதுற்றால் அதனைச் சீர்செய்வது எவ்வளவு எளிது என்பதையும் ஒருங்கே குறிக்கும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி முதலிய ஊர்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில், தொழில் முனைவோரும் நடுத்தரக் குடும்பத்தினரும் இத்தகைய கார்களை இரண்டாம் கையாக வாங்குவது வழக்கம். பழைய கார்கள் உறுதியானவை, புதியவை எளிதில் கெடுபவை என்ற கருத்து மக்களிடையே பரவலாக உண்டு. இக்கருத்து பாதி உண்மையே ஆகும். பழைய கார் அடிக்கடி சிறு பழுதுகளைத் தரும். ஆனால் உள்ளூர்ப் பட்டறையில் சீராகும். புதிய கார் அரிதாகவே பழுதாகும்; ஆனால் ஒரே பழுது காரின் மதிப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும்.

வரையறை

நம்பகத்தன்மை என்னும் ஒரு சொல்லால் பேச்சு வழக்கில் மூன்று வெவ்வேறு பண்புகள் குறிக்கப்படுகின்றன.

* பழுது நிகழ்வெண்: குறிப்பிட்ட காலத்தில் அல்லது தொலைவில் எத்தனை முறை பழுது ஏற்படுகிறது என்பது.
* நீடுழைப்பு: இயந்திரம், கியர் பெட்டி, உடற்கூடு ஆகியவை தேய்ந்து முடியும் வரை ஓடும் மொத்தத் தொலைவு.
* சீர்செய்தகைமை: பழுதைக் கண்டறிந்து, உதிரிப்பாகம் பெற்று, ஏற்கத்தக்க செலவில் சரிசெய்ய இயலும் தன்மை.

பொறியியலில் பழுதுகளின் போக்கைக் 'குளியல் தொட்டி வளைவு' என்னும் வரைபடத்தால் விளக்குவர். தொடக்கத்தில் உற்பத்திக் குறைகளால் பழுதுகள் மிகுதியாகவும், நடுப்பகுதியில் குறைவாகவும், இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் மிகுதியாகவும் இருக்கும். இரண்டாம் கையாக வாங்குபவர் பெரும்பாலும் இவ்வளைவு மீண்டும் மேலேறத் தொடங்கும் இடத்திலேயே காரைப் பெறுகிறார்.

உறுப்புகளின் எண்ணிக்கையும் முக்கியமானது. ஓராண்டுக் காலம் பழுதின்றி இயங்க நூற்றுக்கு 99 வாய்ப்புள்ள உறுப்புகள் 50 இருந்தால், அவை அனைத்தும் அவ்வாண்டு பழுதின்றி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. அதே தரமுள்ள உறுப்புகள் 100 இருந்தால் அவ்வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைகிறது. ஒவ்வோர் உறுப்பும் தரத்தில் உயர்ந்தாலன்றி, உறுப்புகள் பெருகப் பெருக முழுமையின் நம்பகத்தன்மை குறையும் என்பதை இது காட்டுகிறது.

வரலாறு

1991ஆம் ஆண்டின் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்கு முன், இந்தியாவில் வெளிநாட்டுச் சொகுசுக் கார்கள் மிக அரிதாகவே இருந்தன. இறக்குமதி வரி மிகக் கடுமையாக இருந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984இல் அறிமுகப்படுத்திய கான்டெசா, அக்காலத்தில் உள்நாட்டில் கிடைத்த பெரிய கார்களுள் ஒன்றாகும். அதன் உற்பத்தி 2002இல் முடிவுற்றது.

மெர்சிடிஸ்-பென்ஸ் 1994இல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கி, 1995 முதல் புனேயில் டபிள்யூ 124 வகைக் கார்களைப் பொருத்தி விற்றது. 2007இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் சென்னையை அடுத்த செங்கல்பட்டுப் பகுதியில் தொழிற்சாலை திறந்தது. அதே ஆண்டில் ஔடி நிறுவனம் மகாராட்டிரத்தின் ஔரங்காபாத்தில் கார்களைப் பொருத்தத் தொடங்கியது. உள்நாட்டில் பொருத்தப்பட்ட இக்கார்களே பின்னர் இரண்டாம் கைச் சந்தைக்கு வந்தன.

கோயம்புத்தூருக்குத் தானுந்துத் தொழிலில் நெடிய மரபு உண்டு. கோ. து. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015இல் அவிநாசி சாலையில் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பழங்கார்களை அங்கே காணலாம். செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடமும் இம்மரபின் தொடர்ச்சியே.

பழைய தலைமுறைக் கார்கள்

1975 முதல் 1990களின் நடுப்பகுதி வரை வடிவமைக்கப்பட்ட கார்களை இக்கட்டுரை பழைய தலைமுறை எனக் கொள்கிறது. மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 123 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1975 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் உற்பத்தியாயின. அதன் டீசல் இயந்திரங்களில் எரிபொருளை அளந்து செலுத்தியது முழுவதும் எந்திரவகையான ஒரு பம்பு ஆகும். கணினிக்கு அதில் வேலையில்லை. பம்பு தேய்ந்தால் புகை மிகும், இழுவை குறையும், காலையில் இயக்கக் கடினமாகும். அதாவது, கார் நிற்பதற்குப் பல மாதங்கள் முன்பே அறிகுறி காட்டிவிடும்.

எனினும் இக்கார்கள் குறையற்றவை அல்ல. 1990களின் முற்பகுதியில் வந்த டபிள்யூ 124 கார்கள் பலவற்றில், இயந்திரத்தின் வெப்பத்தால் மின்கம்பிகளின் மேலுறை நொறுங்கி உதிரும் குறை இருந்தது. 1995இல் வந்த டபிள்யூ 210 வகை துருப்பிடித்தலுக்குப் பேர்போனது. மேலும், காற்றுப்பை, நிலைப்புக் கட்டுப்பாடு போன்ற பாதுகாப்பு வசதிகளில் பழைய கார்கள் புதியவற்றுக்கு ஈடாகா.

புதிய தலைமுறைக் கார்கள்

2000க்குப் பின் வந்த சொகுசுக் கார்களில் இயந்திரம், கியர் பெட்டி, பிரேக், தொங்கலமைப்பு, கதவு, இருக்கை ஆகிய யாவும் மின்னணுக் கட்டுப்பாட்டகங்களால் இயக்கப்படுகின்றன. இவை 'கேன்' எனப்படும் தரவு வலையமைப்பின் வழியே ஒன்றோடொன்று பேசுகின்றன. பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட நுட்பம் இது. வலையமைப்பில் ஒரு கட்டுப்பாட்டகம் செயலிழந்தால் தொடர்பற்ற வேறு பகுதிகளிலும் எச்சரிக்கை விளக்குகள் எரியக்கூடும். ஆகவே உண்மையான பழுதைக் கண்டறிவதே பாதி வேலையாகிவிடுகிறது.

பொதுவாக அறியப்பட்ட சில குறைகள் வருமாறு:

* மின்னணு பிரேக்: மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 211 வகையின் தொடக்கக் கார்களில் மின்னணுவால் இயங்கும் பிரேக் அமைப்பு இருந்தது. 2004இல் ஏறத்தாழ 6,80,000 கார்கள் இதன் பொருட்டுத் திரும்ப அழைக்கப்பட்டன. 2006இல் இவ்வகையில் இவ்வமைப்பு கைவிடப்பட்டது.
* டைமிங் சங்கிலி: பி.எம்.டபிள்யூவின் என் 47 டீசல் இயந்திரத்தில் இச்சங்கிலி இயந்திரத்தின் பின்புறம், கியர் பெட்டியை ஒட்டி அமைந்துள்ளது. 2007 முதல் சில ஆண்டுகள் வந்த இயந்திரங்களில் அது முன்கூட்டியே தேய்ந்தது. மாற்றுவதற்கு இயந்திரத்தையோ கியர் பெட்டியையோ கழற்ற வேண்டும். அறுந்தால் இயந்திரமே பாழாகும்.
* காற்றுத் தொங்கல்: எஃகுச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகள் காரைத் தாங்குகின்றன. பையில் மெல்லிய கசிவு ஏற்பட்டாலும் காற்றழுத்தி இடைவிடாது இயங்கி எரிந்துபோகும்.
* டீசல் துகள் வடிகட்டி: புகைக்கரியைப் பிடித்துவைக்கும் இவ்வடிகட்டி, கார் தொடர்ந்து விரைவாக ஓடும்போது கரியை எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். நகருக்குள் குறுந்தொலைவு மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

ஆயினும், புதிய கார்களின் இயந்திர உள்ளுறுப்புகள், துருத்தடுப்பு, எண்ணெய்த் தரம் ஆகியவை முன்னைவிட மேம்பட்டுள்ளன. முதல் ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு புதிய கார், பழைய கார் அதே வயதில் இருந்ததைவிடக் குறைவாகவே வழியில் நிற்கும் எனலாம்.

இவ்விரு தலைமுறைகளுக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ 1996 முதல் 2005 வரையிலான கார்களே வாங்குவோருக்குப் பெரும் இடர் தருபவை. மின்னணுவியலின் தொடக்கக் குறைகள் அவற்றில் உண்டு. உதிரிப்பாகங்களோ அருகி வருகின்றன.

கொங்கு நாட்டுச் சூழலின் தாக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த கோயம்புத்தூர், கடலுப்புக் காற்றுப் படாத ஊர். எனவே சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் ஓடிய கார்களைவிட இங்கு ஓடிய கார்களில் துரு குறைவாக இருக்கும். இது பழைய கார்களுக்குப் பெரும் நன்மையாகும்.

நீர் இதற்கு எதிரான தன்மையுடையது. சிறுவாணி நீர் மென்மையானது. ஆனால் இப்பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்த கடின நீர். ரேடியேட்டரில் குறை தெரிந்தபோதெல்லாம் இந்நீரை ஊற்றிவந்தால் உள்ளே படிவு சேர்ந்து, அலுமினிய உறுப்புகள் அரிக்கப்பட்டு, இயந்திரம் கொதிக்கும். பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அலுமினியத் தலை கொண்ட புதிய இயந்திரம் ஒருமுறை கொதித்தாலே வளையக்கூடும்.

மலைச்சாலைகளும் கருதத்தக்கவை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்கு ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் 1,900 மீட்டர் அளவு ஏற வேண்டும். ஆழியாறு–வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்றத்தில் தானியங்கிக் கியர் பெட்டியின் எண்ணெய் சூடேறுகிறது. இறக்கத்தில் பிரேக் சூடேறுகிறது. 'வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' எனக் கூறப்படும் கியர் எண்ணெயையும் இத்தகைய பயன்பாட்டில் உரிய காலத்தில் மாற்றுவதே நல்லது.

எரிபொருளும் காரின் வயதைத் தீர்மானிக்கிறது. பாரத் நிலை 4 தரம் 2010இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தது. கோயம்புத்தூர் அப்பட்டியலில் இல்லை. 2017இல் நாடு முழுதும் நிலை 4 தரமும், 2020 ஏப்ரலில் கந்தக அளவு பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்ட நிலை 6 தரமும் வந்தன. 2025இல் நாடு முழுதும் பரவலான 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய பெட்ரோல் கார்களின் ரப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் பாதிக்க வல்லது.

பட்டறைத் தொழிலும் சீர்செய்தகைமையும்

பம்பு, நூற்பாலை எந்திரம், வார்ப்படத் தொழில் ஆகியவற்றால் வளர்ந்த கோயம்புத்தூரில் லேத் பட்டறைகள் நிறைந்துள்ளன. திருச்செங்கோட்டின் ஆழ்துளை வண்டிகள், நாமக்கல்லின் சரக்குந்துகள், கரூரின் பேருந்துக் கூடு கட்டும் தொழில் ஆகியவற்றால் டீசல் இயந்திரம் அறிந்த தொழிலாளர்கள் இவ்வட்டாரத்தில் மிகுதி. பழைய காரின் புஷ் ஒன்று கிடைக்காவிட்டால் கடைந்தெடுக்கலாம். டீசல் பம்பை உள்ளூரிலேயே பிரித்து அளவு சரிசெய்யலாம். கொங்கு நாட்டில் பழைய கார்கள் நம்பகமானவையாகத் தோன்றுவதற்கு அவற்றின் இரும்பு மட்டுமன்று, இத்தொழிலாளர்களின் கைத்திறனும் காரணமாகும்.

புதிய காரின் கட்டுப்பாட்டகத்தை லேத்தில் கடைய இயலாது. பல உறுப்புகளைப் பொருத்தியபின் நிறுவனத்தின் மென்பொருளால் அந்தக் காருக்கே உரியதாகப் பதிவுசெய்ய வேண்டும். இதற்குரிய கருவியும் பயிற்சியும் உள்ள தனிப் பட்டறை அருகில் இருந்தால் புதிய காரின் சீர்செய்தகைமை வெகுவாக உயர்கிறது.

செலவு

காரின் விலை ஆண்டுதோறும் குறையும். உதிரிப்பாகத்தின் விலை அவ்வாறு குறைவதில்லை. 60 இலட்சம் ரூபாய்க்கு விற்ற ஒரு கார் பத்தாண்டுகளுக்குப் பின் 12 இலட்சத்திற்குக் கிடைப்பதாகக் கொள்வோம். அதன் கியர் பெட்டிப் பழுதுக்கு 4 இலட்சம் ஆனால், முதல் உரிமையாளருக்கு அது கார் விலையில் பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டாம் உரிமையாளருக்கு மூன்றில் ஒரு பங்கு. சேமிப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்தவரின் கார், முதற்பெரும் பழுதோடு வாசலிலேயே நின்றுவிடுகிறது. கார் நம்பகமற்றது என்று அப்போது கூறப்பட்டாலும், உண்மையில் குறைவாக இருந்தது பராமரிப்புக்கான கையிருப்பே ஆகும்.

ஒப்பீடுகளின் வரம்பு

இன்றும் ஓடும் நாற்பதாண்டுக் கார்களைப் பார்த்து, அக்காலக் கார்கள் யாவும் உறுதியானவை என முடிவு செய்வது பிழையாகும். கெட்டவை எப்போதோ உடைப்புக்குச் சென்றுவிட்டன. நன்கு பேணப்பட்டவையே எஞ்சியுள்ளன. இதனை எஞ்சியோர் சார்பு என்பர்.

வெளிநாட்டுக் கணக்கெடுப்புகளையும் கவனத்துடன் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஜே.டி. பவர் ஆய்வு மூன்று வயதுக் கார்களைப் பற்றியது. அதில் தொடுதிரைக் கோளாறும் ஒரு பழுதாகவே எண்ணப்படுகிறது. செருமனியின் டி.யூ.வி. அறிக்கை, கட்டாயச் சோதனையில் காணப்படும் பாதுகாப்புக் குறைகளையே கூறும். பதினைந்து வயதுக் கார் ஒன்று கோவையில் எப்படி ஓடும் என்பதை இவற்றால் அறிய இயலாது.

சட்ட நிலை

இந்தியாவில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் மேலும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு.

தில்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025இல் அது தளர்த்தப்பட்டது. இத்தடையால் அங்கிருந்த டீசல் சொகுசுக் கார்கள் குறைந்த விலையில் பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. அவற்றை இங்கு மறுபதிவு செய்யத் தடையின்மைச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் தேவை.

வாங்குமுன் கவனிக்கத்தக்கவை

* தொடர்ச்சியான பராமரிப்புப் பதிவேடு. தயாரிப்பு ஆண்டைவிட இதுவே சிறந்த சான்று.
* இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் முதன்முறை இயக்கிப் பார்த்தல். சங்கிலி ஓசையும் புகையும் அப்போதே வெளிப்படும். காற்றுத் தொங்கலில் கசிவிருந்தால் காரின் ஒரு மூலை தாழ்ந்திருக்கும்.
* கணினிச் சோதனையில் எல்லாக் கட்டுப்பாட்டகங்களையும் படித்தல். அவற்றில் பதிவான ஓட்டத் தொலைவு, முகப்பிலுள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும்.
* வெள்ளத்தில் மூழ்கிய அறிகுறிகள். 2015 சென்னை வெள்ளம் போன்ற பேரிடர்களில் மூழ்கிய கார்கள் தூய்மை செய்யப்பட்டுப் பிற ஊர்களில் விற்கப்படக்கூடும். விரிப்பின் அடியிலும் இருக்கைத் தண்டவாளங்களிலும் சேறும் துருவும் தேடப்பட வேண்டும்.
* காரின் விலைக்கு அப்பால் ஒரு பெரும்பழுதுக்கான தொகையைத் தனியே வைத்திருத்தல்.

நாள்தோறும் தவறாது ஓட வேண்டிய குடும்பத்திற்கு, பராமரிப்புப் பதிவுள்ள ஆறேழு வயதுக் கார் பொருந்தும். வேறொரு வண்டியும், நம்பத்தக்க மெக்கானிக்கும், காத்திருக்கும் பொறுமையும் உடையவருக்கே முப்பது வயதுக் கார் பொருந்தும்.